பசியில்லாத கழுகு

புதிய ராணுவத்துக்குப் பதக்கம் வரைய என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் என் திறமை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1957இல் ஜெர்மனியில் பதக்கம் வரையத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் அத்தனை பேரும் போன ராணுவத்துக்கும் வரைந்தவர்கள். ஸ்வஸ்திகா போட்டுப் போட்டுப் பழகிய கை. கையில் கறை இல்லாத ஆளைத் தேடிக்கொண்டு வந்தவர்களுக்கு நான் அகப்பட்டேன். கிட்டப்பார்வை என்று என்னைப் போருக்கே எடுக்கவில்லை. கொலோனில் பியர் பாட்டிலுக்கு லேபிள் வரைந்துகொண்டிருந்தேன். போர் முடிந்த பிறகு கார்னிவல் பதக்கங்கள் வரைந்தேன்.

எங்கள் ரைன் நதிக்கரையில் கார்னிவல் திருவிழா வந்தால் பதக்கம் வாங்காத மனிதன் இருக்க மாட்டான். ஒவ்வொரு கோமாளிச் சங்கமும் ஆண்டுக்கு ஒன்று அடிக்கும். மேயருக்குக் கொடுப்பார்கள், மேயரின் டிரைவருக்குக் கொடுப்பார்கள், பீப்பாய் இறக்க வந்தவனைக்கூட வெறும் சட்டையோடு திருப்பி அனுப்ப மாட்டார்கள். எங்கள் பல் டாக்டரிடம் நாற்பத்திரண்டு இருக்கிறது. நான் வரைந்ததில் பேர் வாங்கியது, கிரீடம் வைத்த மத்தி மீன். அதைப் பார்த்துவிட்டுத்தான் தலைநகர் பானிலிருந்து, ஓர் அமைச்சகத்தின் பதக்க வடிவமைப்புக் குழு எனக்குக் கடிதம் போட்டது. “தங்கள் படைப்புகளில் ஆட்சேபகரமான வரலாறு எதுவும் காணப்படவில்லை” என்று எழுதியிருந்தார்கள். மூன்று மாத வேலை என்றார்கள். ஐந்து வருடம் ஆயிற்று.

குழுவில் நான்கு பேர். தலைவர் டாக்டர் ஓஸ்டர்ஹோல்ட், எந்தக் கேள்வியையும் இன்னொரு கேள்வியால் மூடிவிடக்கூடியவர். அடுத்து கர்னல் ப்ரூக்ஹௌஸ். பழைய ராணுவத்தில் வாங்கிய பதினொரு பதக்கங்களை வீட்டில் சுருட்டுப் பெட்டிக்குள் வைத்திருந்தார். இவர்கள் போக ஒரு சட்டப் பேராசிரியர், ஒரு பாதிரியார். நான் மூலையில் சாய்வுப் பலகையோடு உட்கார்ந்திருப்பேன். என்னைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

முதல் வருடம் சிலுவை வரைந்தேன். பழசை ஞாபகப்படுத்துகிறது என்றார்கள். வட்டம் வரைந்தேன். பியர் கிளாசுக்கு அடியில் வைக்கிற அட்டை மாதிரி இருக்கிறது என்றார்கள். கடைசியில் கழுகு என்று முடிவாயிற்று. நாட்டுச் சின்னத்திலேயே இருக்கிற பறவை, யாரும் குற்றம் சொல்ல முடியாது என்று நானும் நிம்மதியடைந்தேன்.

“இது எங்க பாக்குது, செர்வாஸ்?” என்றார் டாக்டர் ஓஸ்டர்ஹோல்ட்.

“வலப்பக்கம் சார்.”

“வலப்பக்கம்னா? வரைபடத்துல வெச்சுப் பாத்தா கிழக்கு. கிழக்க முறைச்சுப் பாக்குற கழுகை நாம வெளியிடலாமா?”

தலையைத் திருப்பி வரைந்தேன்.

“இப்ப மேற்க பாக்குது. பிரெஞ்சுக்காரன் என்ன நினைப்பான்?”

நேராகப் பார்க்கிற மாதிரி வரைந்தேன். “இது ஆந்தை” என்றார் கர்னல். அதோடு அந்த வருடம் போயிற்று.

சிறகை உயர்த்தினால் தாக்கப் போகிறது, தாழ்த்தினால் தோற்றுவிட்டது. ஆகவே ஈரத்தை உலர்த்துகிற பாவனையில் பாதி விரித்தேன். நகங்களை மடக்கச் சொன்னார்கள், மடக்கினேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “பசியா இருக்கற மாதிரி தெரியுதே” என்றார். “பசிச்ச கழுகைப் பாத்தா பக்கத்து நாட்டுக்காரன் கதவைச் சாத்திக்குவான்.” ஆகவே கழுகுக்கு வயிறு வைத்தேன். அறுபத்தோராவது கழுகு, மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு யாராவது கூப்பிடுவார்களோ என்று பயந்து உட்கார்ந்திருக்கும் கோழியாக வந்து சேர்ந்தது. ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள்.

வாசகத்துக்கு ஒன்பது மாதம். ‘வீரத்துக்காக’ என்றால் யாருக்கு எதிராக என்று கேள்வி வரும். ‘கடமைக்காக’ என்று நான் சொன்னதும் நான்கு பேரும் சேர்ந்தாற்போல ஜன்னலைப் பார்த்தார்கள். கடமை என்ற பெயரில் போன தடவை நடந்ததெல்லாம் அவர்களுக்கும் தெரியும். கடைசியில் பேராசிரியர் எழுதிக் கொடுத்த வாசகம்: ‘குறிப்பிடத்தக்க குறை ஏதுமின்றி’. அதைத்தான் கழுகின் காலடியில் பொறித்தேன்.

விதிமுறைகள் இன்னும் அருமை. ஒன்பதாம் பிரிவின்படி, உத்தரவிட்டதைச் செய்தவனுக்குப் பதக்கம் கிடையாது, அது அவன் வேலை. பதினொன்றாம் பிரிவின்படி, உத்தரவில்லாமல் செய்தவனுக்கும் கிடையாது, அது ஒழுங்கீனம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் பூமியில் யாருக்கும் கொடுக்க முடியாது என்று ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

“அதுதான் இதோட பெருமை” என்றார் டாக்டர் ஓஸ்டர்ஹோல்ட். “எல்லாருக்கும் குடுக்கறதுக்கு இது என்ன கார்னிவலா?”

பதினான்காம் பிரிவு என்று ஒன்று இருந்தது. எந்த நிகழ்வுக்காக ஒருவருக்குப் பதக்கம் கொடுக்கப்பட்டதோ, அதே நிகழ்வுக்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. நான் மட்டும் எப்படியோ மனதில் வைத்துக்கொண்டேன்.

1962 பிப்ரவரியில் ஹாம்பர்க்கில் வெள்ளம் வந்தது. கடலிலிருந்து அடித்த புயல் எல்பே ஆற்றைத் திருப்பித் தள்ளி, நடுராத்திரியில் கரைகளை உடைத்தது. என் அக்கா ஃபீனா ஹாம்பர்க்காரனைக் கட்டிக்கொண்டு போனவள். அவன் செத்த பிறகும் எங்கள் பக்கம் வராமல், வில்ஹெல்ம்ஸ்பர்க் தீவில் ஒரு தோட்டக் குடிசையில் மகளோடு இருந்தாள். நான்கு நாள் தகவலே இல்லை. ஐந்தாவது நாள் நானே போய், ஒரு பள்ளிக்கூட ஹாலில் வைக்கோல் மெத்தையில் இருவரையும் கண்டுபிடித்தேன். அழுதேன். அக்கா அழவில்லை.

“டேய், நீ அந்த அமைச்சகத்துல என்னடா கிழிக்கிற?” என்றாள். வேறு விசாரிப்பு எதுவும் இல்லை.

“பதக்கம் வரையறேன் அக்கா. தெரியுமே.”

“ஒரு பையனைக் காப்பாத்த முடியுமா உன்னால? எங்களைக் கூரையிலிருந்து எறக்கினானே, அந்தப் பையன். ஹின்னெர்க். அவனை விசாரணைக்கு நிறுத்தப் போறாங்களாம்.”

அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஹின்னெர்க் டீட்யென், இருபத்தொரு வயது, கட்டாய ராணுவ சேவையில் இருந்த கார்ப்பரல். அவனுடைய படைப்பிரிவிடம் ஆறு படகுகள், கொட்டகையில் பூட்டியபடி. சாவி கேப்டன் ஹேபெர்லேயிடம். எழுத்து மூலம் உத்தரவு வரட்டும் என்று கேப்டன் உட்கார்ந்துவிட்டார். தூரத்தில் கூரைகள் மேலிருந்து ஜனங்கள் கத்துவது கேட்டிருக்கிறது. ஹின்னெர்க் மண்வெட்டியால் பூட்டை உடைத்து ஒரு படகை இழுத்துக்கொண்டு தனியாகப் போனான். பதினொரு நடை. இருபத்துமூன்று பேர், ஒரு நாய், ஒரு முயல் கூண்டு. பன்னிரண்டாவது நடையில் மிதந்து வந்த மர உத்தரம் மோதிப் படகு போய்விட்டது. விடியும்வரை அவன் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு தொங்கியிருக்கிறான்.

“சேவை முடிஞ்சதும் துறைமுகத்துல மோட்டார் படகு ஓட்டற வேலைக்குப் போகணும்னு இருக்கான்” என்றாள் அக்கா. “வேற எதுலயும் ஆசையே இல்ல அவனுக்கு. நற்சான்று இல்லாம அங்க யாரும் எடுக்க மாட்டாங்க. படகைத் தொலைச்சவன்னு எழுதி அனுப்பினா யாருடா படகைக் குடுப்பா?”

அப்போதுதான் எனக்குப் பதினான்காம் பிரிவு ஞாபகம் வந்தது. ஐந்து வருடத்தில் முதல் தடவையாக என் வேலைக்கு ஒரு பிரயோஜனம் உண்டு என்று தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், ரயிலில் திரும்பும்போது பாட்டுக்கூடப் பாடினேன்.

ஹின்னெர்க்கின் பெயரைச் சொன்னதும் குழு துள்ளிக் குதித்தது. பத்திரிகைகள் வெள்ளத்தைத் தவிர வேறெதுவும் எழுதாத நேரம். ஜூனில் வரும் பெந்தகோஸ்தே பண்டிகை விடுமுறைக்குள் ஒரு வீரன் வேண்டும் என்று மேலே இருந்து கேட்டிருந்தார்கள். ஒன்பதாம் பிரிவுக்கும் பதினொன்றாம் பிரிவுக்கும் நடுவில் ஹின்னெர்க்கை எப்படி நுழைப்பது என்று மூன்று கூட்டங்கள் நடந்தன. உத்தரவு இருந்ததாக வைத்தால் அது வேலை. இல்லாததாக வைத்தால் ஒழுங்கீனம். சட்டப் பேராசிரியர்தான் வழி கண்டுபிடித்தார்.

“உத்தரவு இருந்தது. காத்து பலமா அடிச்சதுனால அவர் காதுல விழல.”

“அற்புதம்” என்றார் தலைவர். “ஆனா உத்தரவு போட்டது யாரு?”

“அதுவும் காத்துல சரியாக் கேக்கல.”

அப்படியே பதிவு செய்தார்கள். பிறகு டாக்டர் ஓஸ்டர்ஹோல்ட் என் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார். “இது குடிமக்களோட ராணுவம், செர்வாஸ். மரியாதையைக்கூட யார் தலையிலயும் கட்டாயமாக் கட்ட மாட்டோம். சம்மதம்னு ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க. வெறும் சம்பிரதாயம்.” படிவத்தில் ‘சம்மதிக்கிறேன்’ என்று ஒரு கட்டம் இருந்தது. வேறு கட்டம் இல்லை.

ஹின்னெர்க்கைப் படைமுகாம் கேன்டீனில் பார்த்தேன். நீளமான கை, சிவந்த காது, எதிரே பட்டாணி சூப். நான் பெட்டியைத் திறந்து பதக்கத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தான்.

“கோழியா சார்?”

“கழுகு.”

“ஓ.” ஒரு கரண்டி சூப் குடித்தான். “வேணாம் சார். மன்னிச்சுக்கங்க.”

அவனுக்குப் புரியவில்லை என்று நினைத்து மறுபடி விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். எனக்குத்தான் புரியவில்லை என்று பிறகு தெரிந்தது.

“எங்க ஊர்ல இதெல்லாம் வாங்கறதில்ல சார்” என்றான். “நூறு கப்பல் வெச்சிருக்கற முதலாளிக்கு ராஜா குடுத்து அனுப்பினாலும் நன்றின்னு எழுதித் திருப்பி அனுப்பிருவாரு. இன்னொருத்தன் கையால நெஞ்சுல குத்திக்கிட்டா அவன் நமக்கு மேலன்னு ஆயிடுதுல்ல? நான் இதைக் குத்திக்கிட்டுத் துறைமுகத்துல இறங்கினா, கிறிஸ்துமஸ் மரம் வருது பாருன்னு சாகறவரைக்கும் கூப்பிடுவானுங்க.”

“எங்க ஊர்ல பல் டாக்டரே நாப்பத்திரண்டு வெச்சிருக்காருப்பா!”

“அவரு பாவம் சார்.”

“தம்பி, இதை வாங்கலேன்னா உன்னைத் தண்டிப்பாங்க. வாங்கினா தண்டிக்க முடியாது. ஒரே ஒரு கையெழுத்து. வீட்டுக்குப் போய் டிராயர்ல போட்டுப் பூட்டிக்க. யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுமே.” கரண்டியைக் கீழே வைத்தான். “படகைத் தொலைச்சது நெசந்தானே சார்? தண்டனை குடுத்தா வாங்கிக்கறேன். அதை வாங்கக் கூடாதுன்னு எங்க ஊர்ல யாரும் சொன்னதில்ல.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவன் மேல், அந்த ஊர் மேல், ஐந்து வருடம் கோழி வரைந்த என் மேல். ரயிலில் அவன் பெயரை நானே எழுதிவிடலாமா என்று பேனாவைத் திறந்தேன். லேபிள் வரைந்தவனுக்கு ஒரு கையெழுத்து பெரிய காரியமில்லை. பான் வரும்வரை திறந்த பேனாவோடு உட்கார்ந்திருந்துவிட்டு மூடிவிட்டேன். நல்ல குணத்தால் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயம்தான்.

டாக்டர் ஓஸ்டர்ஹோல்ட் காலிப் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “மறுக்கறதுக்குக் கட்டமே இல்லையே” என்றார். “இல்லாத கட்டத்துல எப்படி மறுத்தாரு?”

பதக்கம் அடித்தாகிவிட்டது. பேண்டு வாத்தியத்துக்குச் சொல்லியாகிவிட்டது. தேதியை மாற்ற முடியாது. சம்பவம் தகுதியானது என்று ஏற்கெனவே தீர்மானம் போட்டாயிற்று, ஆகவே ஆளை மட்டும் மாற்றினால் போதும் என்று கர்னல் யோசனை சொன்னார். சம்பவம் நடந்தது யாருடைய பொறுப்பில்? கேப்டன் ஹேபெர்லேயின் பொறுப்பில். அவர் தெற்கு ஜெர்மனியின் ஸ்வாபியாக்காரர். அவர்கள் ஊரில் பதக்கத்துக்குத் தடை ஏதும் இல்லை. அன்று மாலையே தந்தியில் சம்மதம் வந்தது.

“அப்போ பதினாலாம் பிரிவு?” என்று மூலையிலிருந்து கேட்டேன். “அந்தப் பையனைத் தண்டிக்க மாட்டாங்கல்ல?”

பேராசிரியர் கனிவோடு திரும்பினார். “அந்தப் பாதுகாப்பு பதக்கம் வாங்கினவருக்கு மட்டும்தான், செர்வாஸ். கேப்டனைத் தண்டிக்க முடியாது. கவலைப்படாதீங்க.”

விழா முகாம் மைதானத்தில் நடந்தது. காப்பாற்றப்பட்ட இருபத்துமூன்று பேரையும் அழைத்து, கையில் பூங்கொத்து கொடுத்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். யாருக்குப் பதக்கம் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. டாக்டர் ஓஸ்டர்ஹோல்ட் ஒலிபெருக்கி முன்னால் நின்றார். அந்தப் பேச்சில் ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை.

“அன்றிரவு பொறுமையிழப்பது எளிதாக இருந்தது. கேப்டன் ஹேபெர்லே பொறுமையிழக்கவில்லை. அவர் உத்தரவுக்காகக் காத்திருந்தார். உதவி கேட்கும் குரல்கள் வந்தபோதும் காத்திருந்தார். குரல்கள் நின்ற பிறகும் காத்திருந்தார். இந்த நாட்டின் புதிய ராணுவம் உணர்ச்சிக்கு ஆட்படாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆறு படகுகளில் ஐந்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாமல் இன்றும் நம்மிடம் இருக்கின்றன.”

பேண்டு வாசித்தது. கேப்டன் முன்னே வந்தார். பதக்கத்தைக் குத்தினார்கள். பூங்கொத்து கொடுக்க முதல் ஆளாக நின்ற அக்கா நகரவே இல்லை.

“யாருடா இவன்?” என்றாள் என்னைப் பார்த்து. ஒலிபெருக்கி அணைக்கப்படவில்லை. மைதானம் முழுக்கக் கேட்டது. “எங்க பையன் எங்கடா?”

எங்க பையன் அப்போது சமையலறைக்குப் பின்னால் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். அக்கா பூங்கொத்தோடு அந்தப் பக்கம் நடந்தாள். அவள் பின்னால் மீதிப் பேரும் போனார்கள். கேப்டன் ஹேபெர்லே நீட்டிய கையோடு சற்று நேரம் நின்றார். விழா குறிப்பிடத்தக்க குறை ஏதுமின்றி நடந்ததாகக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்கள்.

ஹின்னெர்க்குக்குப் பத்து நாள் சிறை. சேவை முடிந்து மே மாதம் வெளியே வந்தபோது நற்சான்று தரவில்லை. தண்டனை ஆணையின் பிரதியை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். “நீ கெடுத்தது, நீயே வந்து பேசு” என்று அக்கா எழுதியிருந்தாள். நான் கெடுக்கவில்லை என்று வாதாட முடியும். ஆனாலும் லீவு போட்டுவிட்டு அவனோடு துறைமுகத்துக்குப் போனேன்.

படகுத்துறை மேஸ்திரியின் பெயர் லூர்ஸ். ஒரு தகரக் கொட்டகையில், எண்ணெய்க் கறை படிந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நான் தொண்டையைச் செருமி, அமைச்சகத்திலிருந்து வருவதாக ஆரம்பித்தேன்.

“நீங்க சும்மா இருங்க” என்றார். “தம்பி, பேப்பர் இருக்கா?”

ஹின்னெர்க் ஆணையை நீட்டினான். அவன் காது இரண்டும் சிவந்திருந்தன. மேஸ்திரி வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு மெதுவாக, வாய்விட்டுப் படித்தார். நானும் அதை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

“மேற்படி கார்ப்பரல், 17.2.1962 அதிகாலை ஒரு மணி பத்து நிமிடத்துக்கு, உத்தரவின்றிப் பூட்டை உடைத்து அரசுப் படகொன்றை எடுத்தது. கடும் வடமேற்குப் புயலில், விளக்கு எதுவுமின்றி, அதைப் பதினொரு முறை அனுமதியில்லாத பகுதிக்கு ஓட்டியது. நான்காவது முறை மோட்டார் பழுதான பிறகும் அறிக்கை தராமல் துடுப்பினால் தொடர்ந்தது. நான்கு பேருக்கான படகில் இரு தடவை ஐந்து பேரை ஏற்றியது. அனுமதியின்றி மொத்தம் இருபத்துமூன்று குடிமக்களைக் கொண்டுவந்து இறக்கியது. அவர்களில் எவருக்கும் காயமில்லை. பன்னிரண்டாவது முறை, ஆளில்லாமல் போகும் வழியில், படகை இழந்தது.”

இதை எழுதிய எழுத்தர் யாரென்று எனக்குத் தெரியாது. குற்றம் ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்று கவனமாக எழுதியிருக்கிறார். நாங்கள், குழுவில் நான்கு பேரும் மூலையில் ஒருவனும், ஐந்து வருடமாக எழுதத் தெரியாமல் தவித்ததை, ஒரு முகாம் எழுத்தர் அரைப் பக்கத்தில் எழுதி முத்திரையும் குத்திவிட்டார்.

மேஸ்திரி திரும்பவும் ஒரு வரிக்குப் போனார். “மோட்டார் போனப்புறம் ஏழு நடை. துடுப்புலயா?”

“ஆமா.”

“இழுப்பு எந்தப் பக்கம்?”

“போறப்போ எதிர இழுத்துச்சு. வர்றப்போ பக்கவாட்டுல.”

“ஹ்ம்.” தாளை மடித்தார். மறுபடி பிரித்து முத்திரையைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சற்றுச் சுருக்கிக்கொண்டு கேட்டார். “இதுக்கு மெடல் கிடல் ஏதாவது வாங்கினியா?”

“இல்ல.”

“குடுக்கலியா?”

“கொண்டுவந்தாங்க. இவர்தான்.”

மேஸ்திரி என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். தொப்பியிலிருந்து பூட்ஸ்வரை நிதானமாகப் பார்த்துவிட்டு, தாளை ஹின்னெர்க்கிடம் திருப்பிக் கொடுத்தார்.

“திங்கக்கிழமை காலைல அஞ்சரைக்கு வந்துரு” என்றார்.